மலையில் ஆவியில் வெந்த மஃபின்: கேக்கா, இனிப்பு இட்லியா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

அக்கா, போன இழையில் "மலையில் மஃபின் செய்து சாப்பிட்டோம்" என்று ஒரே வரி போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஓவன் கிடையாது. விறகு மூட்டத் தடை. முதுகுப் பையில் இருப்பது ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரம். ஆவியில் வைத்து எடுத்தால் அது மஃபின் இல்லை, சர்க்கரை போட்ட இட்லி என்பது என் கட்சி. முடிந்தால் மறுங்கள். பிரவுனியும் வருமா? நவம்பர் கடைசியில் உத்தரகாண்டில் கேதார்கண்டா மலைக்குப் போகிறேன்.

3 ஆகஸ்ட் 2024, இரவு

எதற்கு மறுக்கணும்? இட்லிதான். இட்லி என்று நினைத்துச் செய்தால் மஃபின் வரும், கேக் என்று நினைத்துச் செய்தால் களி வரும். எனக்கு மூன்று முறை களி வந்த பிறகுதான் இது உறைத்தது.

செய்முறை இவ்வளவுதான். பாத்திரத்தில் அரை அங்குல உயரத்துக்குத் தண்ணீர். அதற்குள் கப்பைத் தூக்கி நிறுத்த ஏதாவது ஒன்று. அமெரிக்க மலையேறிகள் கூழாங்கல் போடச் சொல்கிறார்கள். நான் அலுமினியத் தாளை முறுக்கிப் பிரிமணை மாதிரி ஒரு வளையம் செய்து வைத்திருக்கிறேன். பாட்டி வீட்டில் மண்பானைக்கு அடியில் வைக்கோல் பிரிமணை இருக்குமே, அதேதான், 6 கிராம் எடையில். அதன் மேல் சிலிக்கோன் மஃபின் கப். கப்பில் பாதிக்கு மேல் மாவு ஊற்றக் கூடாது. மூடிக்கு அடியில் துணி. தண்ணீர் கொதித்த பிறகுதான் கப்பை உள்ளே இறக்க வேண்டும். தீயைக் குறைத்து 15 நிமிடம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.

துணி எதற்கு என்று இட்லி அவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மூடியில் படியும் ஆவி திரும்பத் தண்ணீராகிச் சொட்டும். மஃபின் தலையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். கீழே ஈரம், மேலே ஈரம், நடுவில் மாவு.

பிரவுனி பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதில் எனக்கே தெளிவில்லை.

4 ஆகஸ்ட் 2024

ஒரு திருத்தம். மூன்று கப் வைக்கலாம் என்று இன்னொரு இழையில் எழுதியிருந்தேன். என் பாத்திரம் 14 செ.மீ. அகலம். கப்பின் வாய் 7 செ.மீ. மூன்று வட்டங்கள் இடிக்காமல் உள்ளே நிற்க 15 செ.மீ. வேண்டும். ஆனாலும் மூன்றும் நிற்கிறது, ஏனென்றால் சிலிக்கோன் நசுங்கும். ஒரு பக்கம் தட்டையாக, கொழுக்கட்டை அச்சில் அமுக்கியது போல மஃபின் வரும். அழகு வேண்டுமென்றால் இரண்டு வையுங்கள். நாங்கள் அக்காவும் தம்பியுமாகப் போகிறவர்கள். மூன்றாவது யாருக்கு என்பதில்தான் மலையேற்றத்தின் பாதிச் சண்டை நடக்கும்.

உயரமும் முக்கியம். வளையம், கப், மாவு பொங்கும் அளவு எல்லாம் சேர்த்து பாத்திரத்துக்குள் 7 செ.மீ.யாவது வேண்டும். தட்டையான பாத்திரத்தில் மாவு எழும்பித் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

6 ஆகஸ்ட் 2024

அளவு கேட்டவர்களுக்கு. மூன்று கப்புக்கு மைதா 75 கிராம், சர்க்கரை 35, பால் பவுடர் 12, பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வீட்டிலேயே சலித்து, ஜிப் கவரில் போட்டு, கவர் மேலேயே "75 மி.லி. தண்ணீர், 2 ஸ்பூன் எண்ணெய்" என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். மலையில் மூளை வேலை செய்யாது. கவருக்குள்ளேயே தண்ணீரையும் எண்ணெயையும் விட்டுப் பிசைந்து, ஒரு மூலையை வெட்டி, முறுக்கு பிழிவது போலக் கப்பில் பிழிந்துவிடலாம். கரண்டி கழுவ வேண்டாம்.

உலர்ந்த திராட்சை, ஏலக்காய், வாழைப்பழச் சிப்ஸை நொறுக்கிப் போடுவது எல்லாம் உங்கள் பாடு.

எண்ணெய் சூரியகாந்தி. 2022இல் தம்பி "எல்லாத்துக்கும் ஆகும்க்கா" என்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கி வந்தான். தலைக்கு, காலுக்கு, சமையலுக்கு. 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையும் என்பது மார்கழியில் குளிக்கப் போன எல்லாருக்கும் தெரியும். மலையில் வெளியே 4 டிகிரி. பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நெய்க்கும் அதே கதி.

11 ஆகஸ்ட் 2024

மொட்டை மாடிப் பரிசோதனை, தாம்பரம். முதல் முறை தண்ணீர் தீர்ந்துபோனதே தெரியவில்லை. 150 மி.லி. விட்டேன், தீயைக் குறைத்ததாக நினைத்தேன், குறையவில்லை. கருகல் வாடை வந்துதான் தெரிந்தது. சிலிக்கோன் கப் தப்பித்தது. பிரிமணையின் அடி பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது.

அம்மா போனில் சிரித்தாள். "ஒத்த ரூவாக் காசு ஒண்ண தண்ணிக்குள்ள போடுடி. கொதிக்கிற வரைக்கும் கடகடன்னு சத்தம் வரும். சத்தம் நின்னா தண்ணி தீந்துச்சுன்னு அர்த்தம்." நாற்பது வருடமாக இட்லிப் பானைக்குள் கேட்ட அந்தச் சத்தம் காசுதான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நான் பானைதான் அப்படிச் சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் முறை காசு போட்டுச் செய்தேன். 14 நிமிடம். ஈர்க்குச்சி குத்திப் பார்த்தால் சுத்தமாக வந்தது. கேஸ் உருளையைச் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்தேன்: 12 கிராம் செலவு. 230 கிராம் உருளையில் இது சின்னக் கணக்கு இல்லை. டீ, கஞ்சி, இரவுச் சாப்பாடு எல்லாம் அதே உருளையில்தான். ஆனால் ஒரு லாபம் உண்டு. அடியில் மிஞ்சும் வெந்நீர் சுத்தமானது, அப்படியே டீக்கு ஆகும். (காசை எடுத்துவிட்டு. அதைக் கழுவித்தான் போட்டீர்களா என்று என்னைக் கேட்க வேண்டாம்.)

12 ஆகஸ்ட் 2024

பேக்கிங் பவுடர் இல்லாவிட்டால் ஆப்ப சோடா போடலாமா என்று ஒருவர் கேட்கிறார். புளிப்பு எதுவும் சேர்க்காமல் போட்டால் சோப்பைக் கடித்தது போல இருக்கும். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஈனோ? டோக்ளாவுக்குப் போடுகிறார்களே, அது சரிதான். அதில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் ஈரம் பட்ட நொடியே நுரைத்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு மாவில் கலக்கி உடனே ஏற்ற வேண்டும். கூடாரத்துக்குள் தேடிக்கொண்டிருந்தால் காற்று போய்விடும்.

20 ஆகஸ்ட் 2024

உயரத்துக்கு ஒரு உபாயம்: மூடி மேல் ஒரு நல்ல கனமான கல்லை வையுங்கள். ஆவி அடைபடும், அழுத்தம் ஏறும், குக்கர் மாதிரி சீக்கிரம் வேகும். மேலே போகப் போகத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைவதை இதை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும்.

*[15 அக்டோபர்: இந்தக் குறிப்பை நம்ப வேண்டாம். கீழே பார்க்கவும்.]*

14 அக்டோபர் 2024

போய் வந்தாகிவிட்டது. உத்தரகாண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்கு. டேராடூனிலிருந்து சாங்க்ரி வரை வண்டியில் ஒரு பகல் முழுக்க, மறுநாள் தாலுகா என்ற கிராமம் வரை ஜீப், அங்கிருந்து சுபின் ஆற்றை ஒட்டி நடை. கேஸ் உருளையை டேராடூனில்தான் வாங்கினோம். விமானத்திலும் ஏற்ற முடியாது, ரயிலிலும் ஏற்ற முடியாது, வேறு வழியில்லை.

முதல் இரவு சீமாவில், எதிர்க்கரையில் ஓஸ்லா கிராமம், உயரம் சுமார் 2,560 மீட்டர். மஃபின். மாவைப் பிழியும்போதே விரல் மரத்துவிட்டது. தம்பி ஹெட்லைட்டைப் பாத்திரத்தின் மேல் பிடித்திருந்தான். 15ஆம் நிமிடம் நான் மூடியைத் தொடப் போனேன், அவன் கையைத் தட்டிவிட்டான். 19 நிமிடம் ஆனது. திறந்தபோது மூன்றும் பொங்கி ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன. நிறம் மட்டும் இட்லி நிறம். மேலே பொன்னிறம் கிடையாது, அது வராது. அந்த நிறத்துக்கும் மொறுமொறுப்புக்கும் 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆவியில் 100க்கு மேல் எங்கே போவது? ஆனால் பிய்த்தால் உள்ளே பஞ்சு. ஏலக்காய் வாசத்தோடு ஆவி கிளம்பி ஹெட்லைட் வெளிச்சத்தில் சுருண்டது. பக்கத்துக் கூடாரத்து வங்காளிப் பையன்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது மஃபின் சண்டை அன்று நடக்கவில்லை. அது அவர்களுக்குப் போய்விட்டது.

ஒரு அசம்பாவிதம். இட்லித் துணியின் நுனிகளை மூடிக்கு மேல் தூக்கி முடிச்சுப் போட வேண்டும். அவசரத்தில் ஒரு நுனியைத் தொங்கவிட்டுவிட்டேன். அது தீக்கு வளைந்து கருகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, அவளுடைய துணி.

மறுநாள் ஹர் கி தூன், 3,566 மீட்டர். எதிரே சுவர்க்கரோகிணி, மேகம் விலகிய பத்து நிமிடம் மட்டும். இன்றைக்குப் பிரவுனி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தோம். மைதா 50, சர்க்கரை 80, கோகோ 20, எண்ணெய் 2 ஸ்பூன், தண்ணீர் 45 மி.லி. தாம்பரத்தில் இதே அளவு 18 நிமிடத்தில், கொஞ்சம் கொழகொழப்பாக, பிரவுனி என்று சொல்லும்படி வந்திருந்தது. மூடி மேல் ஒரு கிலோவுக்குக் குறையாத கல்லும் வைத்தேன், என் சொந்த அறிவுரைப்படி.

25 நிமிடம். குச்சியில் கூழ். 30 நிமிடம். கூழ். 35ஆம் நிமிடம் காசுச் சத்தம் நின்றது. தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றினேன். 45இல் நான் கைவிட்டேன். ஓரம் மட்டும் ரப்பர் போல இறுகி, நடுவில் பாகு. கரண்டியால் சாப்பிட்டோம். சூடான சாக்லெட் களி என்று வைத்துக்கொண்டால் நன்றாகத்தான் இருந்தது, குளிரில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பிரவுனி இல்லை.

அங்கே ஒரு பழுப்பு நிற நாய் தாலுகாவிலிருந்தே எங்களோடு வந்துகொண்டிருந்தது. மிஞ்சியதை தம்பி அதற்கு வைக்கப் போனான். நல்லவேளை பார்த்துவிட்டேன். கோகோ நாய்க்கு விஷம். அதற்குப் பிஸ்கட் போட்டுவிட்டு, கப்பைத் திருப்பி நாங்களே வழித்துத் தின்றோம். மீதி வைத்தால் இரவில் எலி வரும், அந்தக் காடுகளில் கரடியும் உண்டு. கப், கவர், துணி எல்லாவற்றையும் ஒரே பையில் இறுகக் கட்டிக் கூடாரத்துக்குத் தள்ளி வைத்தோம்.

அடுத்த நாள் அதே இடத்தில் மஃபின் மாவு வைத்தேன். 25 நிமிடத்தில் வெந்துவிட்டது. ஆக உயரம் மட்டும் காரணம் இல்லை. அங்கேயே மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

15 அக்டோபர் 2024

கல் விஷயத்தில் நான் சொன்னது தப்பு.

என் மூடியின் பரப்பு சுமார் 154 சதுர செ.மீ. ஒரு கிலோ கல்லை வைத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு ஆறரை கிராம் அழுத்தம். வீட்டுக் குக்கரில் வெயிட் போட்டால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அதாவது 150 மடங்கு வித்தியாசம். கல்லால் கொதிநிலை ஏறுவது 0.2 டிகிரி சொச்சம். 300 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி குறைகிறது என்ற கணக்கில் பார்த்தால், நான் தூக்கி வைத்த கல் எங்களை 60, 70 மீட்டர் கீழே இறக்கியிருக்கிறது. தம்பி சொல்கிறான், அதற்குப் பேசாமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சரிவில் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கலாமாம்.

கல் ஒரு வேலை செய்யும். மூடி ஆடாது, ஆவி வீணாகாது, தண்ணீர் மெதுவாகத் தீரும். அவ்வளவுதான். உள்ளங்கைக் கல் போதும்.

17 அக்டோபர் 2024

பிரவுனி ஏன் வேகவில்லை. இரண்டு நாளாக இதே யோசனை. விடை சர்க்கரையில் இருக்கிறது.

மாவு "வேகுவது" என்றால் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பி இறுகுவது. வெறும் தண்ணீரில் கோதுமை மாவுச்சத்துக்கு இது 60 டிகிரி வாக்கில் தொடங்கிவிடும். கஞ்சி காய்ச்சும்போது கொதிப்பதற்கு முன்பே கெட்டியாகிறதே, அதுதான். ஆனால் சர்க்கரை சேரச் சேர இந்தச் சூடு மேலே ஏறும். சர்க்கரையும் அதே தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, மாவுக்கு விடுவதில்லை. கெட்டியான பாகில் 80, 90 டிகிரி வரைகூடப் போகும்.

என் பிரவுனியில் 45 மி.லி. தண்ணீருக்கு 80 கிராம் சர்க்கரை. அது மாவு இல்லை, அதிரசப் பாகு. ஹர் கி தூனில் தண்ணீர் கொதிப்பது சுமார் 88 டிகிரியில். அந்தப் பாகுக்குள் மாவு வேக 88 போதவில்லை. 45 நிமிடம் என்ன, பொழுது விடியும் வரை வைத்திருந்தாலும் அதேதான். தாம்பரத்தில் 100 டிகிரி இருந்ததால் தப்பித்தது. மஃபினில் 75 மி.லி.க்கு 35 கிராம்தான் சர்க்கரை, அதனால் எங்கே வைத்தாலும் நேரம் கூடுமே தவிர வெந்துவிடும்.

பருப்புக் கதையும் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஊட்டியில் பருப்பு தாமதமாக வேகும், ஆனால் பொறுத்தால் வெந்துவிடும். பிரவுனியில் பொறுமைக்கு வேலை இல்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதியின் முதல் குறிப்பில் "இட்லி என்று நினைத்துச் செய்தால்" என்று எழுதினேன் அல்லவா? இட்லி மாவில் சர்க்கரையே கிடையாது. அதுதான் அதன் ரகசியம்.

2 நவம்பர் 2024

இதைத் தமிழ்நாட்டு மலைகளில் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். செய்யாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது மறக்கக்கூடியது இல்லை. போன மாதம் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது, எல்லாம் வழிகாட்டியோடு போவது. காட்டுக்குள் அடுப்பு என்ற பேச்சே வேண்டாம். வீட்டில் அவித்து டப்பாவில் எடுத்துப் போங்கள். ஆறினாலும் மஃபின் காயாது. ஓவனில் சுட்டதைவிட இது அந்த விஷயத்தில் ஒரு படி மேல், ஈரம் உள்ளேயே நிற்கும். மறுநாள் மட்டும் பிசுபிசுக்கும்.

9 டிசம்பர் 2024

இழையைத் தொடங்கிய தம்பி கேதார்கண்டா போய் வந்து எழுதியிருக்கிறார். 14ஆம் நிமிடம் அடுப்பு தானாக அணைந்ததாம், மஃபின் பாதி வேக்காடு. "சர்க்கரை போட்ட இட்லிகூட வரலை அக்கா, சர்க்கரை போட்ட இட்லி மாவுதான் வந்துச்சு" என்கிறார்.

அவர் எடுத்துப் போனது நீளமான, மலிவான பியூட்டேன் கேன். சாதாரண பியூட்டேன் -0.5 டிகிரிக்குக் கீழே வாயுவாக மாறாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் எரிய எரியக் கேனே குளிர்ந்துகொண்டு போகும். டீ போடும் ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும். ஆவியில் வைப்பது என்பது இருபது நிமிட வேலை, அங்கேதான் காலை வாரும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த உருளைதான் குளிருக்குச் சரி. ஐசோபியூட்டேன் -11 வரை தாங்கும். இரவில் உருளையை ஸ்லீப்பிங் பேகுக்குள் போட்டுக்கொண்டு படுங்கள். தேங்காய் எண்ணெய்க்குச் செய்த அதே சேவை.

காற்றுத் தடுப்பை அடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வைத்ததாகவும் எழுதியிருக்கிறார். உருளை நேராக அடியில் இருக்கும் அடுப்பில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். சூடு திரும்பி உருளையைத் தாக்கும். ஒரு பக்கம் திறந்தே இருக்கணும். இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

26 ஜனவரி 2025

சமையல் செய்யவில்லை, வெட்டிப் பேச்சு.

"ஸ்டீம் பேக்கிங்" என்பதைத் தமிழில் என்ன சொல்வது என்று பேச்சு ஓடுகிறது. அவித்த பிரவுனி என்றால் பனங்கிழங்கு ஞாபகம் வருகிறது என்கிறார் ஒருவர். சுட்ட என்று சொல்ல முடியாது, தீயே படவில்லை. எங்கள் ஊரில் தோசை சுடுவோம், இட்லி அவிப்போம், ஆப்பம் ஊற்றுவோம். இதற்கு அவிப்பதுதான் நேர்மை. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு, பாத்திரத்தின் அடியில் வைக்கும் அலுமினியக் கட்டம். மாவைப் பையில் கட்டி அதன் மேல் வைக்க வேண்டும். பெயர் பேக்பேக்கர். பேக் தூக்குகிற பேக்பேக்கர் இல்லை, பேக் செய்கிற பேக்பேக்கர். தமிழில் எழுதினால் பேக்கும் பேக்கும் ஒன்றுதான், நாமும் கொஞ்சம் பேக்குதான்.

ஏஜென்சியோடு இமயமலை போனவர்கள் "எங்கள் சமையல்காரர் 4,000 மீட்டரில் கேக் செய்து கொடுத்தார், அதில் பெயர்கூட எழுதினார்" என்கிறார்கள். உண்மைதான், நானும் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களிடம் ஐந்து லிட்டர் குக்கர் இருக்கிறது. அதைத் தூக்க கோவேறு கழுதை இருக்கிறது. என்னிடம் தம்பி மட்டும்தான். ஒன்றரை லிட்டர் குட்டிக் குக்கரைக் காட்டினேன், ஒரு கிலோவுக்கு மேல் எடை, அவன் அதைத் தூக்க மறுத்துவிட்டான்.

8 ஜூன் 2025

மணாலிப் பக்கம் பியாஸ் குண்ட் போய் வந்தோம். பிரவுனி வழக்கு தீர்ந்தது.

மாற்றிய அளவு: மைதா 60, சர்க்கரை 45, கோகோ 15, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், எண்ணெய் 2 ஸ்பூன், ஒரு முட்டை, தண்ணீர் 30 மி.லி. முட்டையை மணாலியில் வாங்கிச் சாக்ஸுக்குள் திணித்துத் தூக்கினேன். நான்கில் மூன்று பிழைத்தது. நான்காவது பற்றி அந்தச் சாக்ஸின் சொந்தக்காரன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

பக்கர்தாச்சில், சுமார் 3,300 மீட்டரில், 24 நிமிடம். குச்சி சுத்தம். மூடியைத் திறந்ததும் நான்கு துண்டு டெய்ரி மில்க்கை மேலே வைத்து, அடுப்பை அணைத்து, மறுபடி இரண்டு நிமிடம் மூடி வைத்தேன். குறைத்த இனிப்பு அப்படித் திரும்பி வந்தது. நிறத்துக்குக் கவலையே இல்லை, கோகோவே பழுப்பு. மஃபின் வெளிறிப்போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில் பிரவுனி தப்பித்துக்கொள்கிறது. ஓரத்தில் மொறுமொறுப்பு இல்லை என்று தம்பி குறை சொன்னான், சொல்லிக்கொண்டே இரண்டைத் தின்றான்.

இறங்கி வந்த அன்று மணாலியில் ஒரு சின்னக் கடையில் சித்து சாப்பிட்டோம். கோதுமை மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, உள்ளே வால்நட்டும் கசகசாவும் வைத்து ஆவியில் அவித்தது. மேலே நெய் ஊற்றித் தந்தார்கள். அந்த அம்மாள் பாத்திரத்தைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர், நடுவில் ஓட்டைத் தட்டு, அதில் விரித்த துணி. துணியின் நான்கு நுனியும் மேலே மடித்து வைக்கப்பட்டிருந்தன. எனக்கு என் கருகிய நுனி ஞாபகம் வந்தது.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் உள்ளே காசு போடுவீர்களா என்று கேட்டேன். புரியாமல், நான் பணம் கொடுக்க அவசரப்படுகிறேன் என்று நினைத்து, சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தால் போதும் என்றார்.

உருளையில் மிச்சம் 40 கிராம் கேஸ் இருந்தது. விமானத்தில் கொண்டுவர முடியாது. தங்கிய விடுதியில் அன்று காலை மேலே கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம், மிஞ்சிய ஒரு பிரவுனி மாவுக் கவரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கவர் மேல் எழுதியிருந்ததெல்லாம் தமிழில் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.